ஆணா, பெண்ணா? முடிவு செய்வது யார்?

"மூன்றாவதும் பெண்ணா?" என்று பெரியவர்கள் உச்சுக் கொட்டுவதைக் கேளாதவர் நம்மில் இரார். பழி எப்போதும் தாயின் தலையில்தான். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பது 1986-ல் நாடறிந்த செய்தியாயிற்று.

அறிவியல் கூறுவதோ வேறு. தாயிடம் இருப்பவை எக்ஸ் குரோமோசோம்களே. தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். 1905-ல் மாவு வண்டு ஒன்றை ஆராய்ந்து இவ்வுண்மைக்கு வழி காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி.

கோழியில் கதை தலைகீழ். இருவகைக் குரோமோசோம் பெட்டைக்கே உண்டு. ஆகவே குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயைப் பொறுத்தது. ஆனால் பெட்டைக் குஞ்சு பொரித்ததற்காகக் கோழியை யாரும் ஏசுவதில்லை. முட்டை கிடைக்குமென்று மகிழ்கிறார்கள்! ஆண் தேனீக்கோ தந்தையே இல்லை. கருவுறாத முட்டையிலிருந்து அது பிறக்கிறது.

எங்களை மிகவும் வியக்க வைத்தது முதலைதான். நம் அமராவதி அணையில் வாழும் சதுப்பு முதலைக்குப் பால் குரோமோசோமே கிடையாது. மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். அக்குழியின் வெப்பமே தீர்ப்பளிக்கிறது. மாமல்லபுரம் அருகே 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணையில் முட்டைகளைச் சீரான வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரி என்பது காய்ச்சல்மானியில் ஒரு விரலகலம்கூட இராது! இவ்வகை விந்தையை 1966-ல் செனகல் நாட்டு ஓணான் ஒன்றில் முதலில் கண்டவரும் மடலேன் சார்னியே என்ற பெண்மணியே.

வெப்பநிலை மாறி, ஒரே பாலாகப் பிறந்ததால்தான் டைனோசர்கள் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தன என்று சிலர் கருதினர். எங்களுக்கு இது ஒப்பவில்லை. அப்படியானால் முதலையும் ஆமையுமல்லவா முதலில் மறைந்திருக்க வேண்டும்? மெக்சிகோவில் விழுந்த விண்கல்லே காரணம் என்பதுதான் பெரும்பாலோர் முடிவு.

ஆயினும் அந்தக் கருத்தை முற்றிலும் ஒதுக்கவும் முடியவில்லை. ஆமைகளுக்கு மணல் சூடேறினால் பெண்ணே மிகும். ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண் என 2018-ல் அறிவித்தார்கள். பெண்கள் மிகுந்தால் நமக்குப் பெருமைதான்; ஆனால் வருங்காலத்தில் அவற்றுக்கு இணை எங்கிருந்து வரும்? நம் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளைப் பொறுக்கி, வேலியிட்ட மணலில் புதைத்துக் காக்கிறார்கள். வெயில் ஏறினால் அம்மணலுக்கு நிழல் வேண்டும்.