டிரெய்லர் பாரம்: எடைமேடையில் நாலு சீட்டு

ரசாயன உரம் மூட்டையில் வரும், எடையும் மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். நம்ம உரம் அப்படி இல்லை. தொழுவுரமும் கண்மாய் வண்டலும் யூனிட் கணக்குதான். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நன்றாகக் காய்ந்த மக்கு உரம் ஒன்றரை டன் பக்கம் இருக்கும். அதே பெட்டியில் ஈர வண்டலை நிரப்பினால் நாலரை டன்னைத் தாண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே உயரம். வித்தியாசம் டிராக்டருக்குத்தான் தெரியும், அதுவும் இறக்கத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் (கிரிவல ஊர் இல்லை, சீனிவாசப் பெருமாள் குன்று உள்ள நம்ம ஊர்) புரட்டாசி சனிக்கிழமை என்றால் ரோடு முழுக்க சனம். ராஜபாளையம் போகிற நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும். டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டருக்கும் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டும்தான். இரண்டு டன் டிராக்டர், பின்னால் தள்ளுகிற ஐந்து டன்னையும் சேர்த்து நிறுத்தியாக வேண்டும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதுசில்லை. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் ஏறினால் நுகம் தூக்கி வண்டி குடைசாயும். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே கதைதான். கொக்கியில் பாரம் கூடினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. பெட்டியின் பின்பக்கம் பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கும், பின்சக்கரத்தின் பிடிப்பு குறையும். நாலு சக்கர டிரெய்லரில் கொக்கிக்குப் பாரம் அவ்வளவாக வராது. அங்கே மொத்த எடையும் பிரேக்கும்தான் கேள்வி.

எடைமேடையில் ஒரு தடவை நாலு சீட்டு வாங்கிவிடுங்க. முதலில் டிராக்டர், டிரெய்லர் இரண்டும் சேர்த்து. அடுத்து, மாட்டியபடியே டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்க, டிராக்டர் மட்டும். மூன்றாவது, முன்சக்கரம் மட்டும் மேடையில். நாலாவது, கழற்றிய வெறும் டிராக்டர். பாரத்தோடு கழற்றுவது கஷ்டம் என்றால் இதை வேறொரு நாள் போடலாம். நாலு தடவையும் டிரைவர் சீட்டில் இருக்கணும், பிரேக் விட்டிருக்கணும். மேடையும் ரோடும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பாதி வண்டி எடை தப்பாகக் காட்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மொத்தம் 7,000 கிலோ, மாட்டிய டிராக்டர் 2,600, வெறும் டிராக்டர் 2,000. அப்படியானால் கொக்கியில் 600, டிரெய்லர் சரக்கோடு 5,000. முன்சக்கரத்தில் 540. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, இங்கே 400 கிலோ, முன்னால் நிற்கணும். சமதரையில் இது போதும். ஏற்றத்தில் இன்னும் குறையும் என்பதால் நெருக்கிப் பிடிக்க வேண்டாம். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் வீட்டுவண்டி இழுக்கிறவர்களும் இப்படித்தான் நிறுக்கிறார்கள். கொக்கியை எப்போதும் கீழ் டிராபாரில் மாட்டுங்க. மேல் லிங்க்கில் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகப் புரளும்.

5,000 கிலோவை டிரெய்லரின் ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்க. கூடினால் 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தைவிட டிராக்டரின் பிரேக்குக்குத்தான் நான் பயப்படுவேன். ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டணும், இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது.

சீட்டில் என்ன சரக்கு, ஈரமா காய்ந்ததா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்க. பிறகு பெட்டியின் உள்பக்கம் பெயிண்டில் இரண்டு கோடு: தொழுவுரத்துக்கு மேலே ஒன்று, ஈர வண்டலுக்குக் கீழே ஒன்று.