லாக் இருக்கே, கம்பி எதுக்கு? இன்டர்லாக் பிளாக்குல கேட் தூணும் செடித் தொட்டியும்

கையில என்ன வச்சிருக்கேன்னு பாருங்க. டிபன் கேரியர், நாலு அடுக்கு. தூண் கட்டுற வீடியோவுல இது எதுக்குன்னு கேக்காதீங்க, இன்னைக்கு வாத்தியாரே இதுதான்.

ஒவ்வொரு கிண்ணமும் கீழ்க் கிண்ணத்தோட விளிம்புக்குள்ள உக்காருது. பக்கவாட்டுல தள்ளுறேன், நகரல. இப்போ பக்கக் கம்பிய விலக்கிட்டு மேல் கிண்ணத்தப் பிடிச்சுத் தூக்குறேன். அது மட்டும் கையோட வந்துடுச்சு, மத்த மூணும் அங்கயே நிக்குது. கேரியரத் தூக்கிட்டுப் போக முடியறது அந்தக் கம்பியாலதான், விளிம்பால இல்ல.

இப்போ இந்த பிளாக்க பாருங்க. மேல நாக்கு, அடியில காடி, தச்சர் பலகை சேக்கிற அதே கணக்கு. இந்த லாக் ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, பிளாக் பக்கவாட்டுல வழுக்காது. ரெண்டு, கை பழகாதவங்க அடுக்குனாலும் வரிசை நேரா வரும். இதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது. சாய்க்கிற, தூக்குற விசைக்கு லாக் பதில் சொல்லாது. கேட்டு பண்றது முழுக்க முழுக்கச் சாய்க்கிற வேலைதான்.

எங்க ஊரு திண்டிவனம் பக்கம். இங்கிருந்து ஆரோவில் கிட்டதான். அங்க எர்த் இன்ஸ்டிடியூட்ல செம்மண்ணோட கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மெஷின்ல அழுத்தி, ஓட்டை வச்ச இன்டர்லாக் பிளாக் செய்யறாங்க. சூளையே கிடையாது. 2001 குஜராத் பூகம்பத்துக்கு அப்புறம் வீடுகள் திரும்பக் கட்டறதுக்கு அந்த மாநில அரசு ஒத்துக்கிட்ட முறைகள்ல இதுவும் ஒண்ணு. ஆனா அவங்களும் லாக்க மட்டும் நம்பல. குறிப்பிட்ட இடங்கள்ல ஓட்டைக்குள்ள கம்பி விட்டு கான்கிரீட் ஊத்தறாங்க.

சரி, தூணுக்கு வருவோம். நான் எடுத்திருக்கிறது சிமெண்ட் தூண் பிளாக். 12 இன்ச்சுக்கு 12 இன்ச், உசரம் 8 இன்ச், சுவர்க் கனம் 2 இன்ச், நடுவுல 8க்கு 8 ஓட்டை. ஒண்ணு சுமார் 24 கிலோ, குனிஞ்சு தூக்கும்போது முதுகப் பாத்துக்கோங்க. 8 பிளாக் வச்சா 5 அடி 4 இன்ச் உசரம். உள்ள நிரப்புற கான்கிரீட்டுக்கு, 1-க்கு ஒன்றரைக்கு 3 கலவையில, தூணுக்கு அரை மூட்டை சிமெண்ட் போதும். அந்த அரை மூட்டைய மிச்சம் பிடிக்கத்தான் பல பேர் உள்ள மண்ண அள்ளிப் போட்டு மூடிடறாங்க!

கேட்டுக் கணக்கப் பாருங்க. ஒரு கதவு 5 அடி அகலம், 60 கிலோ, ரெண்டு கீலுக்கு நடுவுல 3 அடின்னு வச்சுக்குவோம். கதவோட எடை பாதி அகலத்துல, அதாவது ரெண்டரை அடி தள்ளித் தொங்குது. 60-அ ரெண்டரையால பெருக்கி 3-ஆல வகுத்தா 50. மேல் கீலு ராப்பகலா தூண 50 கிலோ விசையில இழுத்துக்கிட்டே இருக்கு. கதவு மூடியிருந்தா வேலி ஓடுற நேர்கோட்டுல, வாசல் நடுவப் பாத்து இழுக்கும். திறந்து வச்சா வீட்டுப் பக்கமா இழுக்கும். திசை மாறுது இல்லையா, அதனாலதான் நடுவுல ஒத்தக் கம்பி போடாம நாலு மூலைக்கும் நாலு 10 எம்எம் கம்பி, 6 இன்ச்சுக்கு ஒரு ரிங். ரிங் 5 இன்ச் சதுரம் இருந்தா சுத்தி ஒன்றரை இன்ச் கவரிங் கிடைக்கும்.

கம்பிக்கூடு அஸ்திவார வானத்துலயே ஆரம்பிக்கணும். 3 அடி ஆழம் தோண்டி, பி.சி.சி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு, மேல கம்பி ஜாலி கட்டி, அதுல இருந்து கம்பி நிமிரணும். கரிசல் மண்ணா இருந்தா இன்னும் கீழ போங்க. அது மழைக்கு உப்பும், கோடையில வெடிக்கும், மேலாக வச்ச தூண சும்மா விடாது.

முதல் பிளாக்குக்கு மட்டும் நேரம் செலவு பண்ணுங்க. ரசமட்டம் நாலு பக்கமும் வச்சுப் பாருங்க. கீழ ஒரு நூல் சாஞ்சா லாக் அந்தச் சாய்வையே விசுவாசமா மேல வரைக்கும் கொண்டு போகும். மூணு பிளாக் வச்சதும் உள்பக்கம் தண்ணி தெளிச்சு, கான்கிரீட் ஊத்தி, கம்பியால நல்லா குத்தி விடுங்க. முக்கால் இன்ச் ஜல்லி வேண்டாம், சிப்ஸ் ஜல்லி போதும், இல்லன்னா ரிங்குல சிக்கி அடியில பொந்து விழும்.

கீலு சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. தூண் முடிஞ்சதுக்கு அப்புறம் டிரில் போட்டு ஆங்கர் அடிக்கலாம்னு கேட் செய்யறவர் சொல்லுவார். அந்த 2 இன்ச் சுவர்ல மட்டும் பிடிச்சது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கீலு வர்ற உசரத்த முன்னாடியே அளந்து, அந்த பிளாக்க வெட்டி, இரும்புத் தகட்ட உள் கம்பியோட வெல்டிங் வச்சிட்டு அப்புறம் ஊத்துங்க. ரெண்டு வாரம் தண்ணி விட்டுட்டுக் கேட்ட மாட்டுங்க.

செடித் தொட்டிக்கு இவ்வளவு கெடுபிடி இல்ல. ஆனா நான் மாட்டுனது அதுலதான். ரெண்டடி உசரத்துக்குக் கலவை இல்லாம பிளாக்க அடுக்கி, மண்ண ரொப்பி, கத்தரி வச்சேன். ஐப்பசி அடைமழையில முன்சுவர் தொப்பை மாதிரி தள்ளிக்கிட்டு வந்தது. மறுநாள் காலையில பிளாக், மண்ணு, கத்தரிச்செடி எல்லாம் நடைபாதையில கிடந்தது. தப்பு என்னுதுதான், தண்ணி வெளியேற ஒரு வழி விடல.

ரெண்டடி மண்ணு சாதாரணமா சுவர ஒரு அடி நீளத்துக்குச் சுமார் 35 கிலோ தள்ளும். அதே மண்ணுல தண்ணி விளிம்பு வரைக்கும் தேங்கினா 70 கிலோவத் தாண்டும். அதனால அடி வரிசையில 3 அடிக்கு ஒரு அரை இன்ச் பைப் துண்டு, வெளிய சாஞ்ச மாதிரி. அதுக்குப் பின்னால முக்கால் ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல பழைய ஷேடு நெட் ரெண்டா மடிச்சு. சாக்கு போடாதீங்க, மக்கிடும். அடி வரிசைய லேசா மண்ணுப் பக்கம் சாச்சு வையுங்க, லாக் அந்தச் சாய்வ மேல கொண்டு போகும். உசரத்த நாலடி ஆக்கினா தள்ளுற விசை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதுக்குக் கம்பி இல்லாம இறங்காதீங்க.

மொட்டை மாடியில வைக்கலாமான்னா, வேண்டாம். ஈர மண்ணு ஒரு கன அடி 50 கிலோ. ரெண்டடி மண்ணுன்னா சதுர அடிக்கு 100 கிலோ. ஆள் நடமாடுற மாடிக்கு வழக்கமா கணக்குல எடுக்கிறது சதுர அடிக்கு சுமார் 14 கிலோதான்.

இன்னொண்ணு, புது சிமெண்ட் பிளாக்குல இருந்து சுண்ணாம்பு இறங்கும். பத்து நாள் தினம் தண்ணி அடிச்சுக் கழுவி விட்டுட்டு மண்ணு போடுங்க. அப்பவும் இட்லிப்பூச் செடிய சுவர ஒட்டி வைக்காதீங்க. நரம்பு மட்டும் பச்சையா நின்னு இலை மஞ்சளாகும், நீங்க உரம் பத்தலன்னு நினைச்சு மேல மேல கொட்டுவீங்க. செம்பருத்திய வச்சுப் பாருங்க. எங்க வீட்டுல திரும்பக் கட்டுன தொட்டியில இப்போ அதுதான் நிக்குது, போன மழைக்கு மூணு பைப்புலயும் தண்ணி சொட்டு சொட்டா வந்துக்கிட்டிருந்தது.