பின்வாங்காத குதிரை

சதுரங்கம் தெரிந்த நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஆட்டம் தொடங்கி நான்காவது நகர்விலேயே உங்கள் குதிரையை எதிரிக்குக் கொடுத்து விடுவீர்களா? "பைத்தியமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பீர்கள். என் அண்ணன் கொடுப்பார். வெள்ளைக் காய் கிடைத்தால், வாய்ப்பு அமையும்போதெல்லாம் கொடுப்பார். லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டு ஐந்தடியில் அவர் ஆடிய அந்த ஆட்டத்திற்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அது பிறந்த ஊர் கல்கத்தா என்பதும் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

யானையா, மந்திரியா?

முதலில் காய்களின் பெயர்களைச் சொல்லி விடுகிறேன். இதில் நானே குழம்பியவன். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மூலையில் நிற்பது யானை, குறுக்கே போவது மந்திரி என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மலாய் நண்பர்கள் குறுக்கே போகும் காயை 'காஜா' என்றார்கள், அதாவது யானை! ராணியை 'மெந்தெரி' என்றார்கள், அதாவது மந்திரி! மூலையில் நிற்பது 'தீர்'. படிவம் ஒன்றில் முதல் ஆட்டத்தில், "உன் மெந்தெரியைப் பார்த்துக் கொள்" என்று நண்பன் எச்சரித்தான். நான் என் மந்திரியைக் காப்பாற்றினேன், ராணி போய்விட்டது. குதிரைக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. நமக்குக் குதிரை, அவர்களுக்குக் 'கூடா', அதுவும் குதிரைதான். மலாயில் இவ்விளையாட்டின் பெயரே நம் 'சதுரங்கம்' என்ற சொல்லின் வழி வந்ததுதான். இக்கட்டுரையில் அண்ணன் சொல்லிக் கொடுத்த பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

கல்கத்தாவில் ஓர் ஆட்டம்

ஜான் காக்ரேன் (1798-1878) கல்கத்தாவில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். அக்காலத்தின் மிக வலிமையான ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருடைய எதிராளி மகேஷ் சந்திர பானர்ஜி, வங்காளத்து அந்தணர். இந்திய முறையில் சதுரங்கம் பழகியவர். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இவ்விருவரும் பல நூறு ஆட்டங்கள் ஆடினார்கள். கோப்பையும் இல்லை, பரிசும் இல்லை. பெரும்பாலானவற்றில் காக்ரேன்தான் வென்றார். ஆனால் பானர்ஜி கறுப்புக் காய்களோடு ஆடிய முறைதான் பின்னாளில் 'இந்தியத் தற்காப்பு' என்று உலகம் அழைக்கும் ஆட்ட வகைகளுக்கு முன்னோடி ஆனது. தோற்றவர் பெயரால் நாடு நிலைத்தது!

1848-இல் இவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில்தான் காக்ரேன் அந்தக் குதிரையைக் கொடுத்தார். இன்று அதற்கு 'காக்ரேன் கேம்பிட்' என்று பெயர். கேம்பிட் என்றால், ஆட்டத் தொடக்கத்தில் வேறு ஆதாயம் கருதி ஒரு காயை விட்டுக் கொடுப்பது.

எப்படி ஆடுவது?

பலகையை எடுத்து வைத்துக் கொண்டு படித்தால் எளிதாகப் புரியும். வெள்ளை அரசன் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் போகிறது (இ4). கறுப்பும் அப்படியே (இ5). வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அந்தச் சிப்பாயைக் குறி வைக்கிறது. கறுப்பு அதைக் காக்காமல், தன் குதிரையை எஃப்6-இல் வைத்துப் பதிலுக்கு மிரட்டுகிறது. இது பெட்ரோவ் தற்காப்பு. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு டி6-இல் சிப்பாயை வைத்து, "போ வெளியே" என்று குதிரையை விரட்டுகிறது.

வழக்கமாகக் குதிரை வந்த வழியே திரும்பி விடும். காக்ரேனின் குதிரை திரும்பாது. எஃப்7-இல் அரசனை ஒட்டி நிற்கும் சிப்பாயை வெட்டும். ராணியும் யானையும் ஒரே நேரத்தில் மாட்டிக் கொள்வதால், கறுப்பு அரசனே இறங்கி வந்து குதிரையை வெட்ட வேண்டும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு குதிரை ஏறக்குறைய மூன்று சிப்பாய்களுக்குச் சமம். வெள்ளை இழந்தது குதிரை, பெற்றது இரண்டு சிப்பாய். ஆக ஒரு சிப்பாய் அளவு நட்டம். ஆனால் கறுப்பு அரசன் இனி கோட்டை கட்ட முடியாது. அதோடு வெள்ளையிடம் எட்டுச் சிப்பாய்களும் அப்படியே இருக்கின்றன, கறுப்பிடம் ஆறுதான். நடுவில் தடுக்க ஆள் குறைவு. வெள்ளையின் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கிக் கொண்டு முன்னேறலாம். குதிரையைக் கொடுத்தது இதற்காகத்தான்.

எங்கள் ஆட்டம்

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் எஸ்.பி.எம். எழுதி முடித்த அன்றிரவு ஆடிய ஆட்டம் என் பயிற்றுப் புத்தகத்தின் கடைசித் தாளில் இன்னும் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அப்பாவுக்கு அந்த ஆண்டு முழங்கால் கெட்டுப் போயிருந்தது.

அண்ணன் வழக்கம்போல் குதிரையைக் கொடுத்து, ஐந்தாவது நகர்வாக டி4-இல் சிப்பாயை வைத்தார். இ4 சிப்பாய் காவலின்றி நிற்பதைக் கண்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. குதிரையால் வெட்டினேன். அவர் ராணி எச்5-க்குப் பாய்ந்தது, செக்! ஜி6-இல் சிப்பாயை வைத்து மறைத்தேன். ராணி பக்கவாட்டில் டி5-க்கு வந்தது, மறுபடியும் செக். அடுத்த நகர்வில் என் குதிரை போய்விட்டது. எடுத்த காயைத் திருப்பிக் கொடுத்ததோடு, ஒரு சிப்பாயும் குறைவு, அரசன் நடுத்தெருவில்.

"நான் கொடுத்தது போதாதுன்னு இன்னொன்னுக்கும் ஆசைப்பட்டியாடா தம்பி?" என்று சிரித்தார். காய்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டே, ஆறாம் படிவம் போகப் போவதில்லை, சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறேன் என்றார். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

கணினியின் தீர்ப்பு

முதலாம் ஆண்டில் ஒரு நாள் அந்த ஆட்டத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். கறுப்பு பேராசைப்படாமல், காய்களை நிதானமாக வெளியே கொண்டு வந்து, அரசனை ஜி8-க்கு நடத்திப் போனால் கறுப்புக்கே சாதகம் என்றது. எனக்கு ஏனோ மனம் வலித்தது. ஆனாலும் 1999-இல் லினாரெஸ் போட்டியில் டோப்பலோவ் இதே ஆட்டத்தைக் கிராம்னிக்கிற்கு எதிராக ஆடினார். பின்னாளில் இருவருமே உலக வெற்றியாளர்கள் ஆனார்கள். அந்த ஆட்டம் சமனில் முடிந்தது. கணினி 'தவறு' என்பதை மனிதர் எதிரே அமர்ந்து நிரூபிப்பது அவ்வளவு எளிதன்று.

இதை அண்ணனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். அவர் குதிரையைக் கொடுத்தது பலகையில் மட்டுமா? என் விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவர் சம்பளத்திலிருந்து வருகிறது. கடந்த தீபாவளிக்குச் சொல்லிவிட்டேன், இரண்டையும் சேர்த்தே. அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கணக்குத் தெரியாம கொடுக்கலடா. ஒரு சிப்பாய் நட்டம்னு எனக்கும் தெரியும். மிச்சம் எட்டும் நகரணும், அவ்வளவுதான்" என்றார்.

கவனக் குறைவால் காயை இழப்பதும், விலை தெரிந்து கொடுப்பதும் பலகையில் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு அடுத்தடுத்த நகர்வுகளில் இருக்கிறது. கொடுத்துவிட்டுச் சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே நின்றால், அது வெறும் இழப்பு. நம்மில் பலருக்கும் வீட்டில் இப்படி ஒரு குதிரை போயிருக்கும். ஒருமுறை அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். கறுப்புக் காய் எனக்கு. அவர் குதிரையைக் கொடுப்பார், எடுத்துக் கொள்வேன். இ4 சிப்பாயை மட்டும் இம்முறை தொட மாட்டேன்.