வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது ஏன்? போருக்கு முன்பே தொடங்கிய சரிவு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகவே தெரியும் செஞ்சிக் கோட்டை. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கோட்டையை 1750-ல் புஸ்ஸி முன்னின்று தாக்க, பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. 1761 ஏப்ரலில் அதே கோட்டை ஆங்கிலேயர் வசம் போனது. இடையில் என்ன நடந்தது?

போர்ச் செலவு தாங்காமல், 1754-ல் புதுச்சேரி கவர்னர் டூப்ளேவை பிரான்ஸ் திருப்பி அழைத்தது. அவருக்குப் பதில் வந்த கோதே ஆங்கிலேயருடன் சமாதானம் பேசினார். அந்த இடைவெளியில் ஆங்கிலேயர் பிளாசியில் (1757) ஜெயித்து, வங்காளத்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி கஜானாவோ காலி.

1758-ல் தளபதியாக வந்த லாலிக்கு உள்ளூர் நிலவரம் பிடிபடவில்லை. ஹைதராபாத்தில் செல்வாக்கோடு இருந்த புஸ்ஸியைத் தெற்கே வரச் சொன்னார். வட சர்க்கார் பகுதியும் அதன் வருமானமும் அடுத்த ஆண்டே கைநழுவின. தஞ்சாவூரில் கேட்ட பணம் கிடைக்கவில்லை. சென்னை முற்றுகையும் தோல்வி. 1759-ல் கப்பற்படை கிளம்பிப் போய்விட்டது. சம்பள பாக்கி கேட்டு சொந்த வீரர்களே கலகம் செய்தார்கள்.

1760 ஜனவரி 22. திண்டிவனத்துக்கு வடக்கே, வந்தவாசியில் அயர் கூட் படை வென்றது. புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1766-ல் லாலிக்கு பாரிஸில் மரண தண்டனை.

1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் 1749-க்கு முந்தைய இடங்கள் மட்டுமே பிரான்ஸுக்குத் திரும்பின. புதுச்சேரி கிடைத்தது, செஞ்சி கிடைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரு வேறு ஆட்சியின் கீழ் போனது இப்படித்தான்.