விஸாஹிக்கன் பள்ளத்தாக்கிலே

பிலடெல்பியா மாநகரின் எல்லைக்குள்ளேயே, பஸ்களும் மோட்டார்களும் ஓயாமல் ஓடும் வீதிகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், செங்குத்தான பாறைச் சரிவுகளும் அடர்ந்த விருட்சங்களும் இருமருங்கும் சூழ்ந்துவர, விஸாஹிக்கன் என்னும் சிற்றாறு ஓடுகிறது என்று சொன்னால், சுதந்தர மணியைத் தரிசித்துவிட்டு அன்றைக்கே ரயிலேறும் பிரயாணிகள் எளிதில் நம்பமாட்டார்கள். சுமார் 37 கிலோமீட்டர் ஓடி ஸ்கூல்கில் நதியில் கலக்கும் இவ்வாற்றின் கடைசிப் பகுதியே கால்நடையாகச் செல்வோருக்கு வாய்த்த ரமணீயமான வனப்பிரதேசம்.

ஆற்றை ஒட்டி 5 மைலுக்கு மேல் செல்லும் சரளைப் பாதையில் 1920-களிலே மோட்டார்களைத் தடை செய்துவிட்டபடியால், 'தடுக்கப்பட்ட சாலை' என்ற விபரீதமான பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதினின்றும் பிரிந்து மேலேறும் ஒற்றையடித் தடங்களில்தான் பள்ளத்தாக்கின் சுயரூபம் புலப்படும். பாறையைக் கையால் தடவினால் காக்காப்பொன் துகள் விரல்களில் ஒட்டிக்கொண்டு மினுக்குகிறது. சிற்சில இடங்களில் மிளகளவான செம்மணிகளும் பாறைக்குள் பதிந்து கிடக்கின்றன. பீச், ஓக், டூலிப் மரங்கள் செழித்து நிற்க, ஹெம்லாக் மரங்கள் மாத்திரம், ஆசியாவிலிருந்து வந்து கிளைகளில் வெண்பஞ்சு போல் அப்பிக்கொள்ளும் ஒரு பூச்சியால் நலிந்துவருகின்றன.

அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ இப்பள்ளத்தாக்கைப் பற்றி 1844-இல் வெளியான ஒரு கட்டுரையில், உயர்ந்த பாறையின்மீது கம்பீரமாக நின்ற எல்க் மான் ஒன்றைக் கண்டு, வெள்ளையர் கால்வைக்காத ஆதிகாலமே திரும்பி வந்துவிட்டதாக மெய்ம்மறந்ததையும், அடுத்த கணமே ஒரு வேலைக்காரன் உப்பைக் காட்டி அதைப் பிடித்துச் சென்றதையும் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். மான் பக்கத்து மாளிகையின் வளர்ப்புப் பிராணி!

அந்த மானுக்குச் சொன்னது இந்த வனத்துக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் அமெரிக்காவின் முதல் காகித ஆலை 1690-இல் ரிட்டன்ஹவுஸ் என்பவரால் இவ்வாற்றின் கிளையோடை ஒன்றின் கரையில்தான் நிறுவப்பட்டு, லினன் கந்தலைக் கூழாக்கிக் காகிதம் செய்தது. அதன்பின் மாவும் துணியும் காகிதமும் உற்பத்தி செய்யும் ஆலைகள் பெருகி, ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்து, கழிவுகளெல்லாம் ஆற்றில் இறங்கின. நகரவாசிகள் குடிக்கும் ஜலமோ ஸ்கூல்கில் நதியிலிருந்து வந்தது. ஆகவே 1868-இல் ராஜ்ய சட்டசபை இந்நிலத்தைப் பூங்காவுக்காக வாங்க அதிகாரமளித்தது. காலக்கிரமத்தில் ஆலைகள் இடிக்கப்பட்டன. வெறுமையான கரைகளைக் காடு திரும்பவும் பிடித்துக்கொண்டது. அருவி என்று நாம் வியந்து நிற்கும் இடங்களிற் சில அந்தப் பழைய அணைகளே. தண்ணீருக்குப் பயந்து ஒரு நகரம் செய்த காரியத்தில் இத்தனை சௌந்தரியம் விளைந்தது என் மனத்துக்குப் பெரிய ஆச்சரியம்.

நகரத்தார் செய்தது அனைத்தும் இவ்வளவு சிலாக்கியமன்று. இங்கே பூர்விகமாக வாழ்ந்த லெனாபே ஜனங்களின் நினைவாக 1902-இல் ஒரு பாறைமீது சிலை வைத்தவர்கள், தூரத்துச் சமவெளிக் குடிகளின் இறகுக் கிரீடத்தை அதற்குச் சூட்டிவிட்டார்கள்! நிலத்தைப் பறிகொடுத்தவன் தலையில் என்ன அணிந்தான் என்று விசாரிக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

பிலடெல்பியா செல்லும் நேயர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குவார்களாக. நுழைவுக் கட்டணம் கிடையாது. சரளைச் சாலைக்குச் சாதாரணப் பாதரட்சையே போதும். மேட்டுத் தடங்களில் ஏற நினைப்பவர்கள் வழுக்காத பூட்ஸ் அணிவதும், மழை பெய்த மறுநாளைத் தவிர்ப்பதும் உத்தமம்.