நாளும் ஒரு கோலம்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் தமிழ்ப் பேச்சு குறைந்து வருகிறதே என்று வருந்துவோர் பலர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் வாசற்கோலம் நம்மை விட்டு ஓசையின்றி விலகிச் செல்வதைப் பற்றி எவரும் பேசக் காணோம்.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர் பலர் குடியிருக்கும் மாடிக் கட்டடங்களில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுதான் தெரிகிறது. தண்ணீர் தெளிக்க இடமில்லை. தெளித்தால் அண்டை வீட்டார் முகஞ்சுளிக்கின்றனர். ஆகவே கடையில் ஒட்டுக் கோலம் வாங்கி வாசற்படியில் ஒட்டிவிடுகிறோம். அது மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கிறது. அழியாமல் கிடப்பதே அதன் குறை என்று நாம் கருதுகிறோம்.

ஏனெனில், கோலத்தின் பயனில் பெரும்பகுதி அதைப் போடும் பத்து நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. அரிசி மாவால் இட்ட கோலம் எறும்புக்கு உணவாகி, காலடி பட்டு மாலைக்குள் மறையும். மறுநாள் மீண்டும் போட வேண்டும். நாள்தோறும் கையும் கண்ணும் மனமும் ஒன்றுபடும் அப்பழக்கத்தை ஒட்டுக் கோலம் தருமோ?

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் புள்ளி வைக்க வேண்டும். நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்து வந்தால் அது நேர்ப்புள்ளி, மொத்தம் 25. அதே 7 புள்ளியுடன் தொடங்கி, இரு புள்ளிக்கு இடையே ஒன்றாக 6, 5, 4 என்று வைத்து நிறுத்தினால் அது ஊடுபுள்ளி, மொத்தம் 37. பின்னர் கம்பியானது புள்ளியைத் தொடாமல், அதனைச் சுற்றி வளைந்து சென்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்ப வேண்டும். எந்தப் புள்ளியும் விடுபடலாகாது. சில கோலங்கள் ஒரே கம்பியால் முடியும்; சிலவற்றிற்குப் பல கம்பிகள் வேண்டும். இடையில் மனம் கடன் பாக்கிக்கோ அலுவலகத்துக்கோ ஓடிப்போனால், ஒரு வளைவு திசை மாறிவிடும். கம்பி வீடு திரும்பாது. கவனம் சிதறியதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, கோலமே காட்டிவிடும்.

இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. தை மாதத்து நோன்பிற்காகத் தரையில் மண்டலமிடுவதை ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறார். நம் காலத்து அறிஞரும் இதனைப் புறக்கணிக்கவில்லை. கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்னும் மூவர், கோலங்களின் அமைப்பைக் கணினிக்குரிய இலக்கண விதிகளால் விளக்கி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். படிப்பறியாப் பாட்டிமாரும் கைவழக்கமாகப் போட்டு வந்த கோலத்தில் அத்துணைக் கணக்கு அடங்கியிருக்கிறது!

அயலூரில் கோலம் போட நாம் கூச்சப்படவும் வேண்டியதில்லை. மராட்டியர்க்கு ரங்கோளி உண்டு, வங்காளிகளுக்கு ஆல்பனா உண்டு, தெலுங்கர்க்கு முக்கு, மிதிலை நாட்டார்க்கு அரிபன், இராசஸ்தானத்தார்க்கு மாண்டணா. தரையில் சித்திரம் எழுதும் வீட்டை இந்நாட்டில் எவரும் அந்நியமாக எண்ணார்.

இடமில்லையே என்பார்க்கு ஒன்று சொல்வோம். இரண்டடிச் சதுரப் பலகை ஒன்று போதும். பூசையறையிலோ சமையலறை மூலையிலோ வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லையேல் பிள்ளைகளின் சிலேட்டும் சாக்குக் கட்டியும் இருக்கின்றன. கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் போடுவதும் நல்லதே; அந்நாளில் பெண்கள் கோல நோட்டு வைத்திருந்தது இம்முறையில்தான். முதல் வாரம் 3 புள்ளி, அடுத்த வாரம் 5 புள்ளி என்று ஏறலாம். கைப்பேசியை அப்பத்து நிமிடம் அப்பால் வைத்துவிட வேண்டும்.

இது பெண்மக்களின் வேலை என்று ஆடவர் ஒதுங்கவும் காரணமில்லை. இரவுப் பணி முடித்து வந்து உறக்கம் பிடியாமல் புரளும் ரயில்வே ஊழியருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சி தேவையன்றோ?

மாற்றல் உத்தரவு வந்தால் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் கட்டிச் சுமக்கிறோம். கோலத்திற்குச் சுமைகூலி இல்லை; அது விரலிலேயே வருகிறது. ஆனால் ஒரு விரலிலிருந்து மறு விரலுக்கு அது செல்ல, தாயோ பாட்டியோ குழந்தையின் அருகில் உட்கார்ந்து போட்டுக்காட்ட வேண்டும். ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கும் வீடுகளில் அதை இந்த வாரமே தொடங்கலாம். அவர் ஊருக்குப் புறப்படுமுன் பேரப்பிள்ளைகள் பத்துக் கோலங்களேனும் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.