கணக்கும் திறப்பும்

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று கேட்டனர் நம் முன்னோர். எழுதிய கணக்கே எழுதியவன் கைக்கு எட்டாமற் போனால் எவரிடஞ் சென்று அழுவது? 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எனக்கு நேர்ந்த இடர் இதுவே.

என் தந்தையார் சிறு கடை வைத்திருந்தவர். 1961இல் அவர் எழுதிய கணக்குக் கொப்பியொன்று இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றது. தாள் பழுத்து ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. ஆயினும் விரித்த மாத்திரத்தே அரிசி வாங்கிய காசும், அயலவருக்குக் கொடுத்த கடனும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் படிக்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை. நானோ பத்தாண்டுகளுக்கு மேலாகக் கணினியிற் கணக்கு வைத்து வந்தேன். விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்றில் வீட்டு வாடகை, வங்கி வட்டி, மருத்துவச் செலவு யாவற்றையும் பதிந்தேன். கொப்பி எழுதிய தந்தையாரினும் நான் முன்னேறியவன் என்ற சிறு பெருமிதமும் எனக்கு இருந்தது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. என் பழைய கணினியோ விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றது. நன்றாக உழைக்கும் பொறியை வீசிவிட மனம் ஒப்பவில்லை. என்னிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவர் வந்து அதில் லினக்ஸை நிறுவினார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய கருவும், றிச்சாட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் ஆக்கங்களும் இணைந்தெழுந்த தளம் அது. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

கணினி புத்துயிர் பெற்றது, கணக்கு உயிரிழந்தது. என் மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்க முயலும் ‘வைன்’ என்ற ஏற்பாட்டினூடாக அதைத் திறந்தோம். உரிமத்தை மீண்டும் உறுதிசெய்யும்படி அது கேட்டது. உறுதிசெய்ய வேண்டிய நிறுவனமோ அத்தொழிலையே விட்டு நீங்கிவிட்டது. கோப்புக்களைப் படியெடுத்து வைத்த நான், அவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாக மாற்றி வைக்கத் தவறிவிட்டேன்.

“சேர், பெட்டி உங்களிடம் இருக்கிறது, திறப்புத்தான் அவர்களிடம்” என்றார் மாணவர். அச்சொல் என்னைச் சுட்டது. நவம்பர் 30ஆம் திகதிக்குள் வருமான வரி விவரத்திரட்டை அனுப்பியாக வேண்டும். வருமானத்தோடு சொத்துக்களையும் பொறுப்புக்களையும் அதிற் காட்ட வேண்டும். பழைய கணக்கின்றி அதை எங்ஙனம் நிரப்புவது?

இனி வாங்கும் பெட்டிக்குத் திறப்பும் என்னிடமே இருத்தல் வேண்டும் என்ற உறுதியுடன் தேடலானேன். லினக்ஸில் கணக்கு வைக்கும் மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஹோம்பாங்க் எளியது. கேமைமணி வீட்டுக் கணக்குக்கு ஏற்றது. ஜோன் வீக்லி 2003இல் எழுதிய லெட்ஜர், கணக்கு முழுவதையும் வெறும் எழுத்துக் கோப்பாகவே வைக்கின்றது. என் தந்தையாரின் கொப்பிக்கு மிக அண்மையானது அதுவே எனலாம். ஆனால் கட்டளைகளைத் தட்டெழுதிப் பழகாத எனக்கு அது கைவரவில்லை. 1998இல் முதற்பதிப்புக் கண்ட குனூகாஷை ஈற்றிலே தெரிந்தெடுத்தேன். அதன் கோப்பு திறந்த வடிவிலானது. அம்மென்பொருள் நாளை மறைந்தாலும் வேறொருவர் அதைப் படித்துக்கொள்ள இயலும்.

குனூகாஷ் இரட்டைப் பதிவு முறையைப் பின்பற்றுவது. வெனிஸ் நகர வணிகர் கையாண்ட அம்முறையை லூக்கா பச்சியோலி 1494இல் நூலில் விளக்கி அச்சேற்றினார். வீட்டுக் கணக்குக்கு இத்துணை நுட்பம் எதற்கு என்று முதலில் எண்ணினேன். வைப்பின் வட்டியே எனக்கு விடை பகர்ந்தது. 2024/2025 மதிப்பீட்டு ஆண்டில் 10,000 ரூபா வட்டிக்கு வங்கி 5 சதவீதமாகிய 500 ரூபாவை வரியாகப் பிடித்துக்கொண்டு 9,500 ரூபாவைக் கணக்கில் இடும். கொப்பியில் எழுதுபவர் கைக்கு வந்த 9,500ஐ மாத்திரம் எழுதுவார். இரட்டைப் பதிவிலோ வருமானம் 10,000, வங்கியிற் சேர்ந்தது 9,500, முற்கூட்டிச் செலுத்திய வரி 500 என மூன்றும் பதிவாகின்றன. பின்னர் செலுத்த வேண்டிய வரியில் அந்த 500ஐக் கழிக்கும் உரிமை கண்மறையாது நிற்கின்றது. மார்ச் 31ஆம் திகதிக்குரிய ஐந்தொகையை எடுத்தால், சொத்துக்களும் பொறுப்புக்களும் தாமே வரிசையாக வந்து நிற்கின்றன.

வரியைக் கணிக்கும் மென்பொருளைத் தேடியபோதோ வேறு கதை. அமெரிக்காவின் பெயர்பெற்ற டேர்போடாக்ஸை விண்டோஸிலும் மாக்கிலும் நிறுவலாம். லினக்ஸில் நிறுவ வழியில்லை. அந்நாட்டினருக்காக ஓப்பன்டாக்ஸ்சொல்வர் என்ற திறந்த மென்பொருளைத் தன்னார்வலர் பேணுகின்றனர். நம் நாட்டு வரிக்கு லினக்ஸில் நிறுவத்தக்க ஒன்று என் கண்ணிற் படவில்லை.

காரணம் விளங்காததன்று. கூட்டலும் கழித்தலும் எந்நாட்டிலும் ஒன்றே. வரிச்சட்டமோ நாட்டுக்கு நாடு வேறு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. 25 இலட்சம் ரூபா வருமானமுள்ள ஒருவருக்கு வேறு கழிவு எதுவுமில்லை எனக் கொள்வோம். 2024/2025இல் 12 இலட்சம் விலக்கு நீங்கலாக, 5 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12, எஞ்சிய 3 இலட்சத்துக்கு 18 என, வரி 144,000 ரூபா. 2025 ஏப்ரல் 1 முதல் விலக்கு 18 இலட்சமாயிற்று. முதல் 10 இலட்சத்துக்கும் 6 சதவீதமே. அவரது வரி 42,000 ரூபாவாகக் குறைந்தது. வட்டியிற் பிடிக்கும் வரியோ 10 சதவீதமாக உயர்ந்தது. இம்மாற்றங்களை ஆண்டுதோறும் நிரலில் ஏற்ற எவரேனும் உழைத்தாக வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டு ஓய்ந்திருக்க இயலாது.

ஆகவே கணக்கைக் குனூகாஷில் வைத்தேன். வரியை லிப்ரே ஒபிஸின் விரிதாளிற் கணித்தேன். விவரத்திரட்டை இறைவரித் திணைக்களத்தின் இணையவழிச் சேவையினூடாக அனுப்பினேன். அதற்கு உலாவி ஒன்றே போதும், லினக்ஸ் தடையாகவில்லை.

விலையின்றிக் கிடைத்த மென்பொருள் உழைப்பின்றிப் பயன்தரவில்லை. வங்கிப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுக்களையும் பரப்பிவைத்து மூன்று வாரங்கள் இரவிரவாகப் பதிந்தேன். என் துணைவியாரின் சத்திரசிகிச்சைக்குச் சென்ற பணத்தின் விவரம் பழைய கோப்பினுள்ளேயே கிடக்கின்றது. வங்கியிலிருந்து எடுத்த தொகை தெரிகின்றது. எவ்வெவருக்குக் கொடுத்தேன், எவரிடம் கைம்மாற்று வாங்கினேன் என்பது தெரியவில்லை. அக்காலத்தில் உதவிய ஒருவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கின்றேனோ என்ற ஐயம் இன்றும் நீங்கவில்லை.

மென்பொருளைத் தேடுபவர்க்கு யான் சொல்லத்தக்கது ஒன்றே. அது என்னென்ன செய்யும் என்று கேட்குமுன், அதைவிட்டு நீங்கும் நாளில் நம் கணக்கை நம்மிடம் தருமா என்று கேளுங்கள். இப்போது ஆண்டு முடிவில் ஐந்தொகையை அச்சிட்டு, தந்தையாரின் கொப்பிக்குள் மடித்து வைக்கின்றேன். அவர் தம் கணக்கை எனக்கு விட்டுச் சென்றார். என் கணக்கும் என் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கட்டும்.